குதிரைக்காரர் கொண்டுவந்த காபி

லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸ் என்று ஓர் ஊர். 1860-களில் அங்கிருந்த ஒரு வீட்டில் பொழுது விடியும் முன்பே ஒரு முதியவர் எழுந்துவிடுவார். குதிரைகளைப் பராமரிப்பது அவர் வேலை. அதோடு இன்னொரு பொறுப்பும் அவருக்கு உண்டு. காபியோடு போய் வீட்டுக்காரரை எழுப்ப வேண்டும், இரக்கமே காட்டக் கூடாது. அதற்காகவே ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் ஒரு நாள்கூட அவர் காபியைத் தாமதமாகக் கொண்டுவந்ததில்லை.

அந்த வீட்டுக்காரர் ஆண்டனி ட்ரோலப். 47 நாவல்கள் எழுதிய ஆங்கில நாவலாசிரியர். எழுத்தை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தவர் அல்ல. 1834-ல், 19 வயதில் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, 1867 வரை அங்கே வேலை பார்த்தவர். ஊர் ஊராகப் போய்த் தபால் விநியோகத்தைச் சீர்செய்யும் பணி. தெருவோரத்தில் தபால் பெட்டி வைக்கலாம் என்று 1851-ல் சேனல் தீவுகளுக்காகப் பரிந்துரை செய்து, பிரிட்டனில் அந்தப் பெட்டி பரவ வழி செய்தவரும் அவரே. இத்தனைக்கும் நடுவில்தான் 5.30 மணிக்கு மேசை முன் உட்கார்ந்து, காலை உணவுக்கு உடை மாற்றும் முன்பே அன்றைய எழுத்தை முடித்துவிடுவார்.

மேசைமேல் கடிகாரத்தை வைத்துக்கொள்வார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள். புதிய நாவல் தொடங்கும்போது அதற்கென்று ஒரு டைரி போட்டு, வாரம் வாரமாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் எத்தனை பக்கம் எழுதினார் என்று குறிப்பார். சராசரி வாரத்துக்கு 40 பக்கம். சில வாரங்களில் 20-க்கு இறங்கும், ஒரு வாரம் 112-க்கு ஏறியது. பக்கம் என்பது அவரவர் கையெழுத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும் என்பதால் 250 சொல் கொண்டது ஒரு பக்கம் என்று வரையறுத்து, சொற்களையே எண்ணினார். ஓரிரு நாள் சோம்பி இருந்தால் அந்த வெற்றுக் கட்டம் டைரியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அலுவலகப் பயணங்களில் பல மணி நேரம் ரயிலில் கழிவதைக் கவனித்தார். மடியில் வைத்து எழுத ஒரு சிறு பலகை செய்துகொண்டார். ஆடும் பெட்டியில் மை ஊற்றி எழுத முடியாது என்பதால் பென்சில். ஊர் திரும்பியதும் மனைவி ரோஸ் அதை நல்லபடியாகப் படியெடுத்துக் கொடுப்பார். 1857-ல் வந்த ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி இப்படித்தான் உருவானது. எதிரே நாலைந்து பயணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதுவது முதலில் கூச்சமாக இருந்ததாம். போகப் போகப் பழகிவிட்டது.

1858-ல் அஞ்சல் துறை அவரை எகிப்துக்கு அனுப்பியது. அலெக்சாந்திரியாவுக்குப் போகும் கப்பலில் கடல் கொந்தளிப்பு. எழுதிக்கொண்டிருந்த தாளை மேசையில் அப்படியே விட்டுவிட்டு, வாந்தி எடுக்க அறைக்கு ஓடி, திரும்பி வந்து தொடர்ந்திருக்கிறார். அந்த நாவல் ‘டாக்டர் தார்ன்’. அதை முடித்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கினார்.

இந்த விவரமெல்லாம் அவர் எழுதிய தன்வரலாற்றில் இருக்கிறது. அவர் இறந்த பிறகு 1883-ல் அது வெளிவந்தது. கலைஞன் என்றால் உள்ளே ஏதோ பொங்க வேண்டும், கடிகாரம் பார்த்து எழுதுவது செருப்புத் தைப்பது போன்ற வேலை என்று நினைத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய பெயருக்கே சில காலம் மங்கல் ஏற்பட்டது. நாவல்களோ அதைத் தாண்டி நின்றுவிட்டன, இன்றும் அச்சில் இருக்கின்றன.

ட்ரோலப்பை ‘ஒழுங்கான மனிதர்’ என்று பாராட்டிவிட்டுப் போவது எளிது. அவர் கைக்கொண்டது எது என்று கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் நமக்குப் பயன். புத்தகத்தை இன்ன தேதிக்குள், இத்தனை சொற்களில் கொடுக்க வேண்டும் என்று பதிப்பாளரோடு ஒப்பந்தம் இருந்தது. அது இலக்கு. தினமும் 5.30 மணிக்கு எழுதுவது வழக்கம். குதிரைக்காரர், கடிகாரம், டைரி, ரயில் பலகை, பென்சில் ஆகியவை மூன்றாவது வகை. அதற்குத் தமிழில் ‘ஏற்பாடு’ என்ற சொல் பொருந்துகிறது. ‘கல்யாண ஏற்பாடு எப்படி?’ என்று கேட்கும்போது யாரும் முகூர்த்த நேரத்தைக் கேட்பதில்லை. பந்தல்காரருக்கு யார் சொல்கிறார்கள், சமையலுக்கு யார் பொறுப்பு, மழை வந்தால் பந்தியை எங்கே மாற்றுவது என்றுதான் கேட்கிறார்கள். மழை வந்தால் என்ன செய்வது என்பதும் சேர்ந்ததுதான் ஏற்பாடு.

இலக்கைவிட ஏற்பாடே மேல் என்ற பேச்சை அண்மைக் காலத்தில் பரப்பியவர்கள் இருவர். அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் ஸ்காட் ஆடம்ஸ் 2013-ல் வந்த தம் நூலில் இதை வலியுறுத்தினார். 2018-ல் ஜேம்ஸ் கிளியர் எழுதிய ‘அட்டாமிக் ஹாபிட்ஸ்’ உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. இருவரும் இலக்கைக் கொஞ்சம் அதிகமாகவே கீழே இறக்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. ட்ரோலப்பின் டைரியில் கடைசித் தேதி என்று ஒன்று இருந்ததால்தான் நாள் கணக்குக்குப் பொருள் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. பத்து கிலோ எடை குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் அந்த நொடியிலிருந்து அதை அடையும் நாள்வரை தினமும் தோற்றவராகவே தம்மை உணர்கிறார். அடைந்த மறுநாள் என்ன செய்வது என்பதற்கு அந்த இலக்கிடம் பதிலும் இல்லை.

இனி வழக்கத்தைப் பார்ப்போம். பொதுத்தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவில் டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். 4.30 முதல் 5.30 வரை கணக்கு, 5.30 முதல் 6.30 வரை இயற்பியல், அரை மணி நேரம் குளியலும் சாப்பாடும். முதல் இரண்டு நாள் அம்சமாக நடக்கும். மூன்றாம் நாள் சித்தப்பா வீட்டில் காதுகுத்து. நான்காம் நாள் மின்வெட்டு. ஐந்தாம் நாள் அந்தத் தாளைப் பார்க்கவே பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும். சோம்பேறி என்று வீட்டில் திட்டு விழும். உண்மையில் அந்தத் தாளில்தான் குறை. அதில் காதுகுத்துக்கு இடமே விடவில்லை.

இந்தச் சிக்கலை இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே நேர்மையாக ஒப்புக்கொண்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டு, சின்ன நோட்டில் வாரக் கட்டம் போட்டு, தவறிய நாளில் கரும்புள்ளி வைத்துக்கொண்டவர் அவர். 24 மணி நேரத்துக்கும் அட்டவணை வைத்திருந்தார். 5 மணிக்கு எழுவது, 10 மணிக்குப் படுப்பது என்று எல்லாம் அதில் உண்டு. பதின்மூன்றில் அவரை அதிகம் படுத்தியது ‘ஒழுங்கு’. காரணத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். கூலிக்கு அச்சுக்கோர்க்கும் தொழிலாளி தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம். அச்சக முதலாளி அப்படி இருக்க முடியாது, வாடிக்கையாளர் வரும் நேரத்துக்கெல்லாம் எழுந்துபோக வேண்டும். அட்டவணை அங்கேதான் உடைந்தது.

இன்று இது முதலாளிகளின் குறை மட்டுமா? நள்ளிரவில் கோயம்பேடு போய்ச் சரக்கு எடுக்கும் காய்கறி வியாபாரி, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் நர்ஸ், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் ஆகியோர் நேரம் அவர்கள் கையில் இல்லை. காலை 5 மணிக்கு எழு, தியானம் செய், ஓடு என்று சொல்லும் புத்தகங்கள் இவர்களை முன்னால் நிறுத்திப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. கடிகாரத்தோடு கட்டிய வழக்கம் இவர்களுக்கு உதவாது. ஏற்பாடு உதவும்.

எப்படி என்பதற்கு உளவியலில் ஒரு நல்ல சான்று உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிக்கா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு அது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகும் மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்புங்கள் என்றார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார்கள். குறித்துத் தந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் நேரத்தில் எழுதினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒருவர்தான் எழுதினார். ஆசை இரு பிரிவுக்கும் ஒன்றே. ஒரு வரி முன்கூட்டியே எழுதிவைத்ததுதான் வேறுபாடு. இது நடந்ததும் அதைச் செய்வேன் என்று இரண்டைச் சேர்த்து முடிச்சுப் போடும் இந்த முறையைப் பற்றிய 94 சோதனைகளைத் தொகுத்து 2006-ல் பார்த்தபோதும் பலன் தெளிவாகவே தெரிந்தது.

நம் வீட்டுக்கு இது புதிதல்ல. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகும் அம்மா, மகனிடம் சொல்லிவிட்டுப் போகும் வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். “மூணு விசில் வந்ததும் அணைச்சிடுடா.” அந்தப் பையனுக்குச் சமைக்கத் தெரியாது, பருப்பு வெந்ததா என்று பார்க்கத் தெரியாது, அவன் கவனம் முழுக்க கிரிக்கெட்டில் இருக்கிறது. ஆனாலும் பருப்பு வெந்துவிடும். எதைக் கேட்டதும் எதைச் செய்ய வேண்டும் என்பதை அந்த ஒரு வாக்கியம் கட்டிவைத்துவிட்டது. அஞ்சறைப் பெட்டியும் அப்படித்தான். கடுகும் சீரகமும் வெந்தயமும் எந்தக் கிண்ணத்தில் என்று ஒருமுறை முடிவு செய்தாகிவிட்டது. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது யோசிக்க வேண்டியதில்லை, கை தானாகப் போகிறது.

சர்க்கரை நோய்க்காக நடக்கச் சொல்லப்பட்டவரை எடுத்துக்கொள்வோம். ‘தினமும் காலை 45 நிமிடம் நடப்பேன்’ என்பது வழக்கம். ஐப்பசி மழை தொடங்கியதும் அது நின்றுவிடும். தை பிறந்த பிறகுதான் மறுபடி நினைவுக்கு வரும். ஏற்பாடு வேறு மாதிரி இருக்கும். செருப்பு அலமாரியில் நடைக்கான ஷூ முன்வரிசையில் இருக்கும். தெருமுனையில் பக்கத்து வீட்டு நண்பர் காத்திருப்பார், போகாவிட்டால் போன் வரும். மழை பெய்தால் மாடிப்படியோ வீட்டுக் கூடமோ என்று முன்பே முடிவாகியிருக்கும். காலையில் முடியாமல் போனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடமாவது உண்டு. மாத்திரையை மறப்பவருக்கு ஏழு நாள் கட்டம் போட்ட மாத்திரை டப்பாவும் இப்படித்தான், சாப்பிட்டோமா இல்லையா என்ற குழப்பத்தையே அது ஒழித்துவிடுகிறது.

ஒருநாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்ற எண்ணம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. அதற்கு ஒரு பரவலான நம்பிக்கையும் துணை நிற்கிறது. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று மேடைப் பேச்சாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதன் வேர், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய நூல். அறுவை சிகிச்சைக்குப் பின் புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது.

லண்டனில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்தார்கள். 96 பேர், ஆளுக்கு ஒரு சின்னச் செயல், 12 வாரம். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் என்பது போன்ற செயல்கள். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர ஆகும் காலத்தின் நடுப்புள்ளி 66 நாள் என்று கணக்கிட்டார்கள். சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள்வரை தேவைப்படும். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய கேடு ஒன்றும் விளையவில்லை. தொடர்ச்சி அறுந்துவிட்டதே என்று மனம் உடைந்து கைவிடுபவர்கள் இந்த ஒரு செய்தியையாவது காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேமிப்போம் என்று நினைத்த குடும்பத்தில் எதுவும் மிஞ்சியதில்லை. அதே குடும்பத்தில் சம்பளம் கைக்கு வருமுன்பே அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 12 சதவீதம் பி.எஃப். பிடித்தமாகப் போய், இருபது ஆண்டு கழித்து மகளின் கல்யாணத்துக்குக் கை கொடுத்திருக்கிறது. இரண்டும் ஒரே மனிதர், ஒரே மனஉறுதி. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் ஒரு நிறுவனத்தில் இதைச் சோதித்தார்கள். இன்றே அதிகம் சேமியுங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பங்கு தானாகச் சேமிப்புக்குப் போகட்டும், சம்மதமா என்றார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. நம் ஊர்ப் பெண்கள் சீட்டுப் போடுவதும் இந்த அறிவால்தான். மாதத் தவணை தவறினால் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்ற ஒன்றே உண்டியலைவிட வலுவான பூட்டு. 1982-ம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பார்த்துச் சேர்வது நல்லது.

நீண்ட வேலைக்கு ஏற்பாடு எப்படித் தோள் கொடுக்கும் என்பதற்கு ட்ரோலப்புக்கு அடுத்து நினைவுக்கு வருபவர் ஜெர்மானிய சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன். அவரும் முதலில் அரசு அலுவலர். 1950-களின் தொடக்கத்திலேயே, படித்ததையும் தோன்றியதையும் சிறு தாள்களில் எழுதி மரப்பெட்டிகளில் அடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண். ஒரு தாளிலிருந்து புதிய கருத்து கிளைத்தால் அந்த எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அதன் பின்னாலேயே செருகுவார். இந்தத் தாளைப் பார்க்கும்போது அந்தத் தாளையும் பார் என்று ஒன்றுக்கொன்று குறிப்பு. கடைசியில் ஏறத்தாழ 90,000 தாள்கள் சேர்ந்தன.

1960-களின் இறுதியில் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, என்ன ஆய்வு செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். தலைப்பு சமூகம் பற்றிய கோட்பாடு, காலம் 30 ஆண்டு, செலவு ஒன்றுமில்லை என்று பதில் கொடுத்தார். அந்தப் பெரும் நூல் 1997-ல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். முப்பது ஆண்டு தள்ளி இருக்கும் இலக்கை நினைத்து எந்த மனிதராலும் தினமும் ஊக்கம் பெற முடியாது. இன்றைக்கு நாலு தாள் எழுதி உரிய இடத்தில் செருகுவது முடியும்.

ஏற்பாடு என்றால் பட்டியல் போட்டுச் சுவரில் தொங்கவிடுவது என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியலின் பெருமையும் எல்லையும் இரண்டு துறைகளின் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்ட் விமானத் தளத்தில் போயிங்கின் புதிய நான்கு என்ஜின் விமானம் மேலெழுந்த சில நொடிகளில் விழுந்து எரிந்தது. விமானியும் போயிங்கின் சோதனை விமானியும் இறந்தார்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்ததே காரணம். ஓட்டியவர் அனுபவம் மிக்கவர். ஒரு தலைக்குள் அடங்காத அளவுக்கு விமானத்தில் வேலைகள் பெருகிவிட்டிருந்தன. அதன் பிறகுதான் புறப்படும் முன் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சரிபார்க்கும் பட்டியல் வந்தது. பி-17 என்ற பெயரில் அந்த ரக விமானங்கள் 12,000-க்கும் மேல் தயாராகிப் பறந்தன.

அதே எண்ணத்தில் உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு 19 குறிப்புகள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. மருத்துவர் அதுல் கவாண்டே முன்னின்ற முயற்சி அது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நூற்றொரு மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான முடிவு அப்படி இல்லை. பட்டியலை எல்லா இடத்திலும் நடைமுறைப்படுத்தியும் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. மேலிருந்து வந்த காகிதத்தில் டிக் அடிப்பது வேறு. நர்ஸ் நிறுத்திக் கேட்டால் பெரிய டாக்டரும் நின்று பதில் சொல்லும் நிலை வேறு. பட்டியல் அந்தப் பேச்சுக்கு ஒரு சாக்கு. பேச்சு நடக்காத இடத்தில் வெறும் தாள்தான் மிஞ்சுகிறது. புது வருடத்துக்கு விலையுயர்ந்த பிளானர் வாங்குகிறவர்களும், செல்போனில் மாதம் ஒரு செயலி மாற்றுகிறவர்களும் ஒண்டாரியோவை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் பேசிய பிறகு, குதிரைக்காரரிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. ட்ரோலப்பின் ஏற்பாட்டில் கடிகாரமும் டைரியும் பொருள்கள். குதிரைக்காரரும் ரோஸும் மனிதர்கள். அவர் 5.30-க்கு மேசை முன் உட்கார, இன்னொருவர் அதற்கு முன்பே எழ வேண்டியிருந்தது. அவர் ரயிலில் பென்சிலால் கிறுக்கியதை இன்னொருவர் உட்கார்ந்து படியெடுக்க வேண்டியிருந்தது. தனிமனித ஏற்பாடு என்று புத்தகங்கள் கொண்டாடுவதன் உள்ளே பெரும்பாலும் இப்படி ஓர் இரண்டாம் ஆள் இருக்கிறார்.

நம் வீடுகளில் அந்த இரண்டாம் ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடம், ஐந்தாண்டில் பத்து நிமிடம்தான் குறைந்திருக்கிறது. கை செய்யும் வேலையை இப்படி நிமிடத்தில் அளக்கலாம். சிலிண்டர் எப்போது மாற்றினோம், அடுத்ததை எப்போது பதிவு செய்ய வேண்டும், பாட்டியின் பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை நாளுக்கு வரும், நாளைக்கு இட்லி என்றால் இன்று எத்தனை மணிக்கு அரிசி ஊறவைக்க வேண்டும், பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது, பால்காரருக்கு எந்த இரண்டு நாள் கழிக்க வேண்டும் என்று ஒரு தலைக்குள் ஓயாமல் ஓடும் கணக்கை எப்படி அளப்பது? படுத்திருக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தலைக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் வீடு நின்றுவிடும். உப்பு எங்கே, சாவி எங்கே, கேஸ் புத்தகம் எங்கே என்று படுக்கையருகே வந்து கேட்பார்கள். வீட்டின் மிகச் சிறந்த ஏற்பாடு எங்கும் எழுதப்படாமல் ஒரே ஆளின் நினைவில் இருப்பது அவருக்கும் சுமை, வீட்டுக்கும் ஆபத்து. 1935-ல் அந்த விமானத்துக்கு நேர்ந்ததும் இதுவே. ஒரு தலையில் அத்தனையையும் ஏற்றிவைத்திருந்தார்கள்.

பல வீடுகளில் பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் மாதக் காலண்டரைத் திருப்பிப் பாருங்கள். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் வந்த தேதிக்குச் சின்னதாக ‘கேஸ்’, இஸ்திரிக்குப் போட்ட துணி எண்ணிக்கை என்று பொடி எழுத்தில் எத்தனையோ இருக்கும். யாரும் சொல்லித் தராமல், எந்தப் புத்தகமும் படிக்காமல் ஒரு பெண் உருவாக்கிய ஏற்பாடு அது. அவர் மட்டுமே படிக்கிறார் என்பதுதான் அதிலுள்ள ஒரே குறை.

தன்வரலாற்றில் ட்ரோலப் செய்த ஒரு நல்ல காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்தக் குதிரைக்காரருக்கே தாம் அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று அவர் எழுதிவைத்தார். தம்முடைய காலையில் இன்னொருவரின் காலையும் சேர்ந்திருந்ததை அவர் மறைக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்தக் காலண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்து, அம்மாவையோ மனைவியையோ பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு குறிக்கும் என்ன பொருள், அது இல்லாமல் தலையில் மட்டும் இருப்பவை எவை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழுதி முடித்ததும் பாதி வரிகளுக்கு எதிரே வேறொருவர் பெயரைப் போடுங்கள். அதில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.